வாங்கிட்டேன்

"வாங்கிக்கோங்க" என்று மனைவி போனில் சொன்னபோது, நான் லிஃப்ட் பெட்டியின் கூரைமேல் குத்தவைத்து உட்கார்ந்திருந்தேன். ஒரு கையில் எண்ணெய்த் துணி, வாயில் டார்ச். டார்ச்சை அவசரமாக எடுத்துவிட்டு "வாங்கிட்டேன்" என்றேன். அவ்வளவுதான், பொறுப்பு என் தலையில் வந்து உட்கார்ந்துவிட்டது.

எங்கள் சபையில் சங்கிலி ஜெபம் என்றால் விளையாட்டுக் காரியம் இல்லை. ஒருவர் ஜெபித்து முடித்ததும் அடுத்தவருக்குப் போன் செய்து "வாங்கிக்கோங்க" என்பார். அடுத்தவர் சொல்லும் "வாங்கிட்டேன்" காதில் விழுந்த பிறகுதான் அவர் நிறுத்தலாம். எதிர்முனையில் எடுக்கவில்லையா, விடாமல் ஜெபி. அடுப்பில் பால் பொங்குகிறதா, பொங்கட்டும், ஜெபி. கைக்குழந்தையைக் கை மாற்றும்போது அந்தக் கை பிடித்துவிட்டதா என்று பார்க்காமல் எவளாவது இந்தக் கையை எடுப்பாளா என்று போதகரின் மனைவி கேட்பார். அந்தக் கேள்விக்கு இதுவரை யாரும் எதிர்வாதம் செய்ததில்லை.

அன்றைக்கு உண்மையிலேயே ஒரு கைக்குழந்தைக்காகத்தான் சங்கிலி. என் அக்காவின் மகள். அக்காவுக்குக் கல்யாணமாகி, காத்திருந்து, ஊர் வாயெல்லாம் கேட்டுச் சலித்து, அக்காவே கேட்பதை விட்டுவிட்ட பிறகு வந்த பிள்ளை. வந்ததும் அவசரமாக, மாதம் நிறையாமல் வந்துவிட்டது. கண்ணாடிப் பெட்டிக்குள், மூச்சுக்கு ஒரு குழாயோடு கிடந்தது. மாமா கப்பலில் வேலை செய்கிறார். நடுக்கடலில் இருந்து அவர் செய்யக்கூடியது அழுவது மட்டும்தான். அன்று மதியம் குழாயை எடுத்துவிட்டு, பிள்ளை தானாக மூச்சு விடுகிறதா என்று பார்ப்போம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அந்தப் 'பார்ப்போம்' எங்கள் வீட்டில் ஒருவரையும் சாப்பிட விடவில்லை.

சபையில் எனக்கு 'ஒருவரி' என்று பெயர். வீட்டுக் கூட்டங்களில் ஆளாளுக்குச் சுற்றி ஜெபித்து என் முறை வரும்போது, "ஆண்டவரே, எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும், ஆமென்" என்று முடித்துவிடுவேன். பக்கத்தில் இருப்பவர் முழங்கால் வலிக்கு இடம் மாற்றி உட்காருவதற்குள் என் ஜெபம் பரலோகம் போய்ச் சேர்ந்திருக்கும். அதனால்தான் மனைவி என்னைத் தனக்கும் தையல்கார அத்தைக்கும் நடுவில் போட்டிருந்தாள், ஆடுகிற நாற்காலியைச் சுவரோரம் போடுவதுபோல. மதியத்துக்கு முன்பே என் முறை முடிந்துவிடும், ஆபத்தில்லை என்று கணக்கு.

அந்தக் கணக்குத்தான் தப்பியது. "டாக்டர் முன்னாடியே வந்துட்டாராம். குழாய இப்பவே எடுக்கப் போறாங்களாம்" என்றாள் மனைவி. குரலில் மூச்சு வாங்கியது. "ஒரு வரியோட நிறுத்திடாதீங்க. உங்க கால்ல வேணா விழறேன்."

நானோ வேலையில் இருந்தேன். லீவு சொல்லியிருந்தும், இந்தக் கட்டடத்தின் மேல்மாடியில் சக்கர நாற்காலியில் இருக்கும் ஒருவர் கீழே இறங்க வழியில்லாமல் கிடக்கிறார் என்றதும் மனசு கேட்காமல் வந்திருந்தேன். தலைக்கு மேலே மொட்டைமாடியில் மெஷின் ரூம். அங்கே என் கூட்டாளி. நாங்கள் இருவரும் ஒன்றாகத் தொழில் கற்று ஒன்றாக நரைத்தவர்கள். அவனுக்குக் கோயிலும் கிடையாது, சர்ச்சும் கிடையாது. ஞாயிற்றுக்கிழமையானால் தூக்கம் மட்டும் உண்டு.

என் ஒரு வரியைச் சொன்னேன். சொல்லிவிட்டு, கூரைமேல் இருக்கும் பொத்தானை அழுத்திப் பெட்டியைக் கொஞ்சம் கீழே இறக்கினேன். பக்கவாட்டுத் தண்டவாளத்தில் ஒரு போல்ட்டை மட்டும் பார்த்துவிட்டால் வேலை முடிந்தது, நிம்மதியாக ஏறிப்போய் அத்தைக்குப் போன் செய்யலாம் என்று நினைப்பு. இரண்டு மாடிகளுக்கு நடுவே போய்க்கொண்டிருந்தபோது கரன்ட் போய்விட்டது. பிரேக் டக்கென்று பிடித்தது. கும்மிருட்டு. போனை எடுத்துப் பார்த்தேன், மேலே கிடைத்த சிக்னல் இங்கே சுத்தமாக இல்லை. நாலு பக்கமும் சுவர்.

"உள்ள மாட்டிக்கிட்டியா?" மேலே கயிறுகள் இறங்கும் துளைவழியாகக் கூட்டாளியின் குரல் வந்தது. "இரு, பிரேக்கத் தளர்த்தி ஏத்திடறேன்."

"என்னை அப்புறம் ஏத்து. முதல்ல வெளிய போய் என் வீட்டுக்குப் போன் பண்ணு. தையல்கார அத்தைகிட்ட வாங்கிக்கச் சொல்லு."

"எத வாங்கிக்கச் சொல்லணும்?"

"சொன்னா அவளுக்குப் புரியும். போப்பா."

அவன் போகும் சத்தம் கேட்டது. நான் இருட்டில் தனியாக நின்றேன். அப்போதுதான் உறைத்தது. இந்த நிமிஷம் அங்கே குழாயை எடுத்துக்கொண்டிருப்பார்கள். இந்த நிமிஷம் சங்கிலியில் இருப்பது நான் ஒருவன். எனக்கு முன்னால் இருந்தவள் விட்டுவிட்டாள், பின்னால் இருப்பவளுக்குக் கொடுக்க முடியவில்லை. அக்காவின் பிள்ளை என் கையில் இருக்கிறது, என்னிடமோ இருந்த ஒரு வரியும் செலவாகிவிட்டது.

மறுபடியும் அதே வரியைச் சொன்னேன். வெட்கமாக இருந்தது. சபைப் பெரியவர்கள் ஜெபிக்கிற மாதிரி ஆரம்பிப்போம் என்று, "பரம பிதாவே, நீர்..." என்று எடுத்தேன். 'நீர்' என்ற இடத்தோடு வண்டி நின்றுவிட்டது. அந்தத் தமிழ் எனக்கு ஞாயிற்றுக்கிழமைச் சட்டை மாதிரி, கழுத்தை இறுக்கும். தொண்டையைச் செருமிக்கொண்டு, பேசத் தெரிந்தபடியே பேச ஆரம்பித்தேன்.

"ஏங்க, அக்கா கேட்டா, கொடுத்தீங்க. எல்லாரும் கைவிட்ட பிறகு கொடுத்தீங்க. கொடுத்தத திருப்பி வாங்கிக்கிறதுக்கா கொடுத்தீங்க? நான் உங்ககிட்ட பெருசா எதுவும் பேசினதில்ல. பேச வராது. இப்ப பேசறேன், கேளுங்க. அந்தப் புள்ளைக்கு நெஞ்சு ஒரு தீப்பெட்டி அளவுதாங்க இருக்கு. அது ஏறி இறங்கணும். அவ்வளவுதான் கேக்கறேன். ஏறணும், இறங்கணும்."

நான் சொல்லச் சொல்லச் சத்தம் அந்தச் சுவர்களில் மோதி மேலேயும் கீழேயும் போனது. என் குரல் இத்தனை பெரியது என்று எனக்கே தெரியாது. நிறுத்தவும் தோன்றவில்லை. காலுக்குக் கீழே பெட்டி அசையாமல் நின்றது. அதை உணர்ந்ததும் வாய் தானாக அதையும் பேசிற்று.

"இந்த லிஃப்ட்டுல கரன்ட் போனா பிரேக் விட்டுடும்னு ஊரே நினைச்சுக்கிட்டிருக்கு. விடுறதுக்குத்தாங்க கரன்ட் வேணும். பிடிக்கிறதுக்கு எதுவும் வேண்டாம், அது பாட்டுக்குப் பிடிச்சுக்கும். எங்ககிட்ட இப்ப ஒண்ணும் இல்லைங்க. அக்காகிட்ட தெம்பு இல்ல, மாமா கடல்ல, டாக்டரே பார்ப்போம்ங்கிறார். நீங்க பிடிச்சுக்கோங்க. பிடிச்சுக்கோங்க."

கன்னத்தில் எண்ணெயும் கண்ணீரும் சேர்ந்து ஒழுகின. பயமாக இருந்திருக்க வேண்டும். ஆனால் சந்தோஷமாக இருந்தது. ஏன் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. எதிரில் ஆள் இருக்கிறது, கேட்டுக்கொண்டிருக்கிறது என்று உடம்புக்குத் தெரிந்துவிட்டது. முடி சிலிர்த்து நின்றது. வாய் தன் போக்கில் போய்க்கொண்டே இருந்தது.

"யோவ்" என்றது மேலிருந்து கூட்டாளியின் குரல். அவன் எப்போது திரும்பி வந்தான், எவ்வளவு கேட்டான் என்று தெரியவில்லை. "உன் வீட்டம்மா போன் பிஸி. அடிச்சு அடிச்சுப் பார்த்துட்டேன். இப்ப என்ன செய்ய?"

"அப்ப நான் விடக் கூடாது. நீ போய்த் திரும்ப அடி."

"குழந்தைக்குத்தானே இவ்வளவும்?"

"ஆமா."

அவன் செருப்பு துளையோரம் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. பிறகு, "அதுவரைக்கும் என்கிட்ட கொடு. நான் வச்சிருக்கேன்" என்றான்.

"உனக்குப் பழக்கம் இல்லையேப்பா."

"புள்ளையத் தூக்கறதுக்குப் பழக்கம் என்னத்துக்கு? கொடுய்யா."

போதகரின் மனைவி இதற்கு என்ன சொல்வாரோ தெரியாது. "வாங்கிக்கோ" என்றேன்.

"வாங்கிட்டேன்" என்றது இருட்டு.

அவன் பிரேக் கம்பியை இழுத்து மெல்லத் தளர்த்தினான். காலிப் பெட்டியைவிடக் கயிற்றின் மறுமுனையில் தொங்கும் எடை அதிகம், அதனால் விட்டால் பெட்டி தானாக மேலே ஏறும். கொஞ்சம் விடுவதும் பிடிப்பதுமாக என்னை ஏற்றினான். ஒவ்வொரு முறை விடும்போதும் அவன் குரல் கேட்டது. "புள்ள நல்லா இருக்கணும் சாமி." பிடிப்பான். மறுபடி விடுவான். "நல்லா இருக்கணும் சாமி." என்னைவிடச் சின்ன ஒரு வரி. மேல்மாடிக் கதவைத் தள்ளித் திறந்து வெளிச்சத்தில் விழுந்து, படியேறி மெஷின் ரூமுக்கு ஓடினேன். அவன் கம்பியைப் பிடித்தபடி வியர்த்து நின்றான்.

"இந்தா, திருப்பி வாங்கிக்கோ. கீழ போட்டுடப் போறேன்."

"வாங்கிட்டேன்" என்று சொல்லி அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். போன் உடனே அலற ஆரம்பித்தது. மனைவி.

"எங்க போனீங்க? அத்தைக்கு உங்க போன் வரல. சங்கிலி அறுந்துபோச்சுன்னு அவங்களே தொடங்கிட்டு, கேக் கடை அண்ணன்கிட்ட சொல்ல, அவர் பஸ் டிரைவர்கிட்ட சொல்ல, முறை வராதவங்க, முறை முடிஞ்சவங்க, எல்லாரும் ஒரே நேரத்துல முட்டி போட்டுட்டாங்க. டிரைவர் டிப்போவுல ஸ்டியரிங்மேல தலைய வச்சுட்டு எழுந்திரிக்கவே இல்லையாம். யார் யார்கிட்ட இருந்து வாங்கினாங்கன்னே தெரியல. ஒரே களேபரம்."

"புள்ள?"

"குழாய எடுத்துட்டாங்க. அதுக்கு மேல தெரியல. நீங்க போங்க, ஓடுங்க."

கரன்ட் வரும்வரை லிஃப்ட்டில் இனி வேலை இல்லை. பைக்கைக் கிளப்ப உதைத்துக்கொண்டே கூட்டாளியிடம் அறுந்த சங்கிலியின் கதையைச் சொன்னேன். அவன் சிரித்தே விட்டான். "ஒத்தக் கயித்துல தொங்கற லிஃப்ட்டுல நாமளே ஏற மாட்டோமே. ஏறு பின்னாடி, நீ ஓட்டற நிலைமையில இல்ல."

ஆஸ்பத்திரியில் முழங்கைவரை சோப்புப் போட்டேன். எண்ணெய் போகவில்லை, மறுபடி போட்டேன். நர்ஸ் என் நகங்களைப் பார்த்து உதட்டைச் சுழித்து, இன்னொரு முறை என்றார். பச்சை அங்கியை மாட்டிக்கொண்டு உள்ளே போனேன். அக்கா சக்கர நாற்காலியில் இருந்தாள். கண்ணாடிப் பெட்டியின் வட்டத் துளைக்குள் அவள் கை.

"அழுதாடா" என்றாள். "பூனைக்குட்டி மாதிரி, சத்தமே வரல. ஆனா அழுதா."

நான் குனிந்து பார்த்தேன். வாயில் குழாய் இல்லை. தீப்பெட்டி நெஞ்சு ஏறியது. ஏறியதைப் பார்த்துவிட்டு என் மூச்சை நிறுத்திக்கொண்டு காத்திருந்தேன். இறங்கியது. எனக்குக் கத்த வேண்டும்போல் இருந்தது. அங்கே கத்தக் கூடாது, அதனால் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தேன்.

"இப்போதைக்கு நல்லாத்தான் இருக்கா" என்றார் நர்ஸ் மெதுவாக. "நாளைக்கு வரைக்கும் பார்க்கணும். சோர்ந்துபோனா திரும்பக் குழாய் வைக்க வேண்டி வரலாம். அம்மா, நீங்க போய்ப் படுக்கணும். தையல் பிரிஞ்சிடும்."

அக்கா அசையவில்லை. "நீயாடா ஜெபம் பண்ணே?" என்று கேட்டாள்.

"ஆமாக்கா."

"அதே ஒரு வரியா?"

"இல்லக்கா. இன்னைக்குக் கொஞ்சம் நீண்டுபோச்சு."

அவள் சிரிக்கப் பார்த்து, வயிற்று வலியில் முகம் சுளித்தாள். உள்ளே அவள் விரலைச் சுற்றிப் பிள்ளையின் கை மூடியிருந்தது. "விட்டா தேடறா" என்றாள். "வாங்கிக்கோடா."

பக்கத்துத் துளைவழியாக என் கையை நுழைத்தேன். அக்கா விரலை உருவிக்கொள்ள, அந்தச் சின்னக் கை காற்றில் ஒரு கணம் திறந்து துழாவியது. என் விரலை அங்கே வைத்தேன். பிடித்துக்கொண்டது.

"வாங்கிட்டேன்" என்றேன்.

நர்ஸ் அக்காவைத் தள்ளிக்கொண்டு போனார். வெளியே கூட்டாளி கண்ணாடியில் நெற்றியை ஒட்டி நின்றான், உதடு அசைந்துகொண்டிருந்தது. சிறிது நேரத்தில் நர்ஸ் திரும்பி வந்து, நேரமாச்சு, போதும் என்றார். நான் விரலை மெல்ல இழுத்துப் பார்த்தேன். பிள்ளை தூக்கத்திலேயே இன்னும் இறுக்கிப் பிடித்தது.