தேய்த்தும் போகாத கறுப்பு

அந்த ஆஸ்பத்திரி சீரியலில் மேக்கப் போடுகிறவளை எல்லோரும் மேக்கப் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். நோயாளியாகக் கட்டிலில் கிடப்பது அவளுடைய கூடப்பிறந்த தங்கை. கதைப்படி ஏழு டாக்டர்கள் மண்டையை உடைத்துக்கொண்டும் பிடிபடாத நோய். இன்றைக்கு அது வெளியாகும் காட்சி என்பதால் யூனிட்டே பரபரத்துக் கிடந்தது.

கதைக்கு யோசனை சொல்லும் நிஜ டாக்டர் மேக்கப் அறைக்குள் எட்டிப் பார்த்தார்.

"சிறுநீரகத்துக்கு மேல ரெண்டு குட்டிச் சுரப்பி இருக்கும்மா. அது வேலை செய்யாம போச்சுன்னா உள்ளங்கை ரேகை, ஈறு எல்லாம் கறுத்துடும். லேசா தீட்டிடுங்க."

அக்கா தங்கையின் கையை விரித்தாள். ரேகைகள் ஏற்கெனவே கறுத்திருந்தன.

"பழைய மேக்கப்பைக் கழுவவே மாட்டியாடி, சோம்பேறி?"

ஸ்பிரிட் பஞ்சால் தேய்தேய் என்று தேய்த்தாள். தோல் சிவந்ததே தவிர கறுப்பு அசையவில்லை.

அக்கா பஞ்சைக் கீழே போட்டாள். ஒரு மாதமாகத் தங்கையின் கழுத்திலும் முழங்கையிலும் இதே கறுப்பைத் திட்டிக்கொண்டே பவுடர் பூசி மறைத்தது அவள்தானே. கறையைக் கண்டால் மறைப்பதுதான் அவள் பிழைப்பு, பாழாய்ப்போன பிழைப்பு.

"வாயைத் திற."

ஈறில் மை கொட்டினாற்போல் திட்டுத்திட்டாக இருந்தது. சாப்பாட்டு நேரத்தில் தங்கை வெறும் உப்பை நக்கியதும், இளைத்துக்கொண்டே போனவளுக்கு வாரத்துக்கு வாரம் ஜாக்கெட்டைப் பிடித்துத் தைத்ததும், தள்ளாடும் நடையை டைரக்டர் வாய் ஓயாமல் புகழ்ந்ததும் அவளுக்கு ஒன்றுசேர நினைவுக்கு வந்தன.

"ஷாட் ரெடி" என்று வெளியே குரல் கேட்டது. தங்கை எழுந்தாள், எழுந்த வேகத்தில் சரிந்தாள்.

"ஒத்திகையிலயே பின்றாளே" என்று வாசலில் யாரோ சிரித்தார்கள்.

"டாக்டர், இது நடிப்பு இல்ல. நான் இன்னும் ஒண்ணுமே தீட்டல."

நாடியைப் பிடித்த டாக்டரின் முகம் மாறியது. வாசலில் நின்ற ஆம்புலன்சில் இன்ஜினே கிடையாது, அது செட். சாப்பாடு ஏற்றிவந்த வேனில் அள்ளிப் போட்டுக்கொண்டு நிஜ ஆஸ்பத்திரிக்குப் பறந்தார்கள். காலையில் வசனத்தில் எழுதிக்கொடுத்த அதே ஊசியைத்தான் டாக்டர் அங்கே போடச் சொன்னார், கூடவே உப்புநீர் டிரிப்பும். அக்கா உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள்.

மறுநாள் தங்கை கண் விழித்து, "என் சீனை யாருக்காவது குடுத்துட்டாங்களா?" என்றாள். அக்கா சிரித்துக்கொண்டே அழுதாள்.

அந்தக் காட்சியை ஐந்து மாதம் கழித்து எடுத்தார்கள். தங்கை கையை நீட்டினாள். ரேகைகள் வெளுத்திருந்தன. அக்கா பிரஷ்ஷை மையில் தோய்த்து, ஒவ்வொன்றாக, ஆசை தீரத் தீட்டினாள்.