விழாத நாள் எண்பத்தெட்டு

தொண்ணூறு நாள் நோயாளி யாரும் கீழே விழாமல் இருந்தால், அடுத்த மூன்று மாதமும் எங்கள் வார்டு நர்ஸுகளுக்கு ஞாயிறு விடுமுறை. நிர்வாகம் இதை அறிவித்தபோது தலைகால் புரியாமல் சந்தோஷப்பட்டோம். பத்தே நாளில் ஒருவரை ஒருவர் வேவு பார்க்கத் தொடங்கினோம்.

எண்பத்தெட்டாவது நாள் மதியம், பதினோராம் கட்டில் பெரியவர் கழிப்பறையில் வழுக்கி விழுந்தார். இரண்டடி தூரத்தில் நின்றேன், கை எட்டவில்லை. தலை சுவரில் மோதிய சத்தம் கேட்டது. இதயத்துக்காக ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர் அவர். உள்ளே கசிந்தால் வெளியே தெரியாது. விழுந்தார் என்று தெரிந்தால்தான் டாக்டர் ஸ்கேன் எடுக்கச் சொல்வார்.

அவரைக் கட்டிலில் படுக்க வைத்ததும் தலைமை நர்ஸ் அக்கா என்னை ஓரமாக இழுத்தார். அக்காவின் மகன் விடுதியில் படிக்கிறான். ஞாயிறு மட்டும்தான் பார்க்க விடுவார்கள். அவனைப் பார்த்து நான்கு மாதமாகிறது.

"தரையில உட்கார்ந்தார்னு எழுதுடி. வீக்கம்கூட இல்ல."

போன மாதம் விழுந்த இரண்டு பேரை நானே ஏட்டில் அப்படி உட்கார வைத்திருக்கிறேன். அவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்தத் தைரியத்தில்தான் அக்கா என்னிடம் கேட்கிறார் என்று புரிந்தபோது, என் மேலேயே எனக்கு ஆத்திரம் வந்தது. போனில் டாக்டரைக் கூப்பிட்டேன். ஆனாலும் விழுந்தார் என்று சொல்ல நா எழவில்லை. சீக்கிரம் வாங்க என்று மட்டும் சொன்னேன்.

டாக்டர் வந்து, என்ன ஆயிற்று என்று பெரியவரையே கேட்டார். எங்கள் விடுமுறைக்கான நாள் கணக்கு எழுதிய பலகை அவர் கட்டிலுக்கு எதிரேதான் இருக்கிறது. பெரியவர் அதைப் பார்த்தார். பிறகு எங்களைப் பார்த்தார்.

"விழல டாக்டர். மெதுவா உட்கார்ந்தேன். பாவம், இந்தப் பிள்ளைங்களுக்கு இன்னும் ரெண்டு நாள்தான் பாக்கி."

டாக்டர் சிரித்துக்கொண்டே திரும்பினார். அக்கா மூச்சு விட்டது எனக்குக் கேட்டது.

"விழுந்தார் டாக்டர்," என்றேன். "தலை சுவத்துல இடிச்சுது. நான் பார்த்தேன்."

ஸ்கேனில் ரத்தக்கசிவு தெரிந்தது. அங்கிருந்து நேராக அறுவை அரங்குக்கு அவரைத் தள்ளிக்கொண்டு ஓடினோம். ஒரு பக்கம் நான், மறுபக்கம் அக்கா. கதவருகில் பெரியவர் அக்காவின் கையைப் பிடித்தார். வார்த்தை குழறியது.

"மன்னிச்சிரும்மா. என்னால உங்க லீவு போச்சு."