கோரமண்டல் ஸ்டேஷன் ஊசி

“போன மாசம் மாரிகுப்பம் ரயிலை ஒத்தைக் குரல்ல நிறுத்தி, முன்னூறு ஆம்பளைங்களுக்கு எச்.ஐ.வி. டெஸ்ட் எடுக்க வெச்சேன். இன்ஜின் டிரைவருக்கும் சேர்த்து!”

கோரமண்டல் ஸ்டேஷன் டீக்கடையில் கிளமெண்ட் இப்படிச் சொன்னதும் பாய்லர்கூடக் குலுங்கிச் சிரித்தது. அவருக்கோ உள்ளே எரிந்தது. எதிரே பரிசோதனை வண்டி காலியாக நின்றது. இன்றும் போதிய ஆண்கள் வராவிட்டால் இனி வண்டி வராது என்று நர்ஸ் வாணி சொல்லிவிட்டாள். பெங்களூரில் வேலை முடிந்து சாயங்கால ரயிலில் இறங்கிய கூட்டமோ, அதைக் கண்டதும் பாம்பைக் கண்டதுபோல் முள்ளுச்செடிக்குள் புகுந்து போய்விட்டது.

இந்த வண்டிக்காகக் கிளமெண்ட் கொஞ்சநஞ்சப் பாடா பட்டிருந்தார்! முதலில் ஆண்டர்சன்பேட்டையில் காலை பத்து மணிக்கு முகாம் போட்டார்கள். அந்நேரத்தில் ஊரில் அகப்படும் ஆண்கள் பென்ஷன்காரர்களும் சேவல்களும்தான். முட்டி மோதித்தான் வண்டியை ஸ்டேஷனுக்கு, சாயங்காலத்துக்கு வரவைத்தார்.

“ஏறினா, ‘இவனுக்கு இன்னாவோ இருக்குது’ன்னு ஊரே பேசும் அங்கிள்,” என்றான் பரத். அதே ரயிலில் வேலை முடிந்து வந்தவன். டீயைக் குடிக்காமல் வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“அடேய், அந்தக் காலத்துல சுரங்கத்துல ஷிப்ட் முடிஞ்சு கேஜ் லிப்ட்ல மேல வந்தா, தங்கத்த மறைச்சிருக்கானான்னு எல்லாரையுந்தான் தடவினாங்க. மேஸ்திரியையும் தடவினாங்க. எல்லாரையும் தடவினா எவனுக்குடா வெக்கம்? அதே மாதிரி லைன்ல நிக்க வெச்சேன். மொத ஆளு நம்ம தொரை!” என்றார் கிளமெண்ட்.

அதே சுரங்கத்தில் அவருடன் வேலை பார்த்த துரை, பெஞ்சில் உட்கார்ந்தபடி பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்தார். “புளுகு. நான் அன்னைக்கு ஸ்டேஷன் பக்கமே வரல. இந்த வயசுல எனக்கு இன்னாத்துக்கு அது?”

கிளமெண்டுக்குப் பல்லைக் கடிக்கத் தோன்றியது. ரயில் தானாக நின்றதுதான். முன்னூறு பேர் இல்லை, ஏழு பேர்தான். ஆனால் அந்த ஏழு பேரும் நின்றது, இந்த மனுஷன் முறைத்துக்கொண்டே முதலில் விரலை நீட்டியதால் அல்லவா?

வாணி வண்டியின் பின்கதவில் ஒன்றைச் சாத்தினாள்.

“சரி, வரேன் அங்கிள்.” பரத் டம்ளரை வைத்தான். முள்ளுச்செடிப் பக்கம் திரும்பினான்.

பேப்பர் மெல்ல இறங்கியது.

“டேய் பரத்து, நில்லு. முன்னூறுன்றதுதான் இவன் புளுகு.” துரை பெஞ்சிலிருந்து எழுந்தார். “மத்தது நடந்துச்சுடா. மொத குத்து எனக்குத்தான். தோ, இந்த வெரல்ல.”

நீட்டிய விரலை அவர் மடக்கவில்லை. மறு கதவின் மேல் வாணியின் கை அப்படியே நின்றது.