வாசலில் திறக்காத பை

சாப்பாட்டுப் பையைத் திறந்து காட்டாமல் அந்தக் கூடத்திற்குள் எவரும் நுழைய முடியாது. வாழைக்காய்களைக் கழுவித் தரம் பிரித்து, அட்டைப் பெட்டிகளில் அடுக்கி, குளிரூட்டிய கொள்கலனில் கப்பலேற்றி அயல்நாட்டுக்கு அனுப்பும் கூடம் அது. பழுத்த பழம் ஒன்றுகூட உள்ளே வரலாகாது என்பது அங்கே முதல் விதி. பழுத்த பழத்திலிருந்து கிளம்பும் வாயு, அருகிலுள்ள காய்களையும் பழுக்க வைத்துவிடும். காயாகவே கடலைக் கடக்க வேண்டிய சரக்குக்கு அதைவிடப் பெரிய கேடு வேறில்லை.

வாசலில் மேசை போட்டு நின்று, இடக்கையால் ஒவ்வொரு பையையும் கிளறிப் பார்ப்பவன் தம்பி. கூடத்தின் உரிமையாளரை வேலையாட்கள் அனைவரும் 'அக்கா' என்றே அழைப்பர். இவன் அவளுடன் பிறந்தவன். ஆகவே எல்லோருக்கும் 'தம்பி' ஆனான்.

அன்று, காய்களைக் குளிரவைக்கும் அறையைக் கவனிக்கும் குளிரறைக்காரரின் பையிலிருந்து ஓர் ஆப்பிள் வெளிப்பட்டது. வெயில் காலத்திலும் தடித்த மேலங்கியுடனே நடமாடும் அவருக்குப் 'பனிக்கரடி' என்று பெயர்.

"என்ன கரடி அண்ணே, குகைக்குள்ள திருட்டுத் தீனியா?" என்றான் தம்பி. வரிசையில் நின்ற பெண்கள் சிரித்தனர்.

"டாக்டர் தினம் ஒண்ணு சாப்பிடச் சொல்லியிருக்காருப்பா."

"உங்களைத்தானே சாப்பிடச் சொன்னாரு? எங்க காயைப் பழுக்க வைக்கச் சொல்லலையே! ரோட்டுல நின்னு தின்னுட்டு, கையைக் கழுவிட்டு வாங்க."

பனிக்கரடி வெளியே சென்றார். மேலங்கியுடன் கொளுத்தும் வெயிலில் நின்று ஆப்பிளைத் தின்றுவிட்டு வந்தார்.

அவ்வாரம் கூடத்திற்கு முக்கியமான வாரம். பழைய வியாபாரிகள் ஒவ்வொருவராக விலகிக்கொண்டிருந்த வேளையில், கடல் கடந்த பெரிய வியாபாரி ஒருவர் வெள்ளோட்டமாக ஒரு கொள்கலன் கேட்டிருந்தார். காய் பச்சையாகப் போய்ச் சேர்ந்தால் வாரந்தோறும் ஒரு கொள்கலன் அவருக்கு அனுப்பலாம். சேராவிட்டால் கூடத்தைப் பூட்ட வேண்டியதுதான். இது அங்கே காய் கழுவும் பெண்களுக்கும் தெரியும்.

பனிக்கரடி தம் அறையில் காய்களை முறையாகக் குளிரவைத்து வெளியே விட்டார். கொள்கலனுக்குள் நின்று பெட்டிகளை அடுக்குவிப்பதும், கதவைச் சாத்தி முத்திரையிடுவதும் தம்பியின் பொறுப்பு. அக்காள் ஒருநாளும் உள்ளே எட்டிப் பார்த்தவள் அல்லள். "அவன் இருக்கான்ல" என்பதே அவள் செய்யும் பரிசோதனை.

கப்பல் போய்ச் சேர்ந்த செய்திக்குப் பின், ஒரு காலைப்பொழுதில் அவளுடைய கைபேசிக்கு ஒரு காணொளி வந்தது. கொள்கலனின் கதவு திறக்கிறது. ஒருவர் முன்வரிசைப் பெட்டியொன்றைக் கிழிக்கிறார். உள்ளே காய் இல்லை. கரும்புள்ளி விழுந்த மஞ்சள் பழங்கள். அடுத்த பெட்டியிலும் அவையே. கிழித்தவர் மூக்கைப் பொத்திக்கொள்வதோடு காணொளி முடிகிறது.

அக்காள் உடனே தம்பியை அழைத்துக் காட்டினாள். அவன் அதனை இருமுறை பார்த்தான்.

"குளிர் அறையில ஏதோ கோளாறா இருக்கும்க்கா" என்றான்.

அவ்வளவு போதுமானதாயிற்று. அவள் நேரே குளிரறை வாசலுக்குச் சென்றாள். கழுவும் தொட்டிகளில் கையிட்டிருந்த பெண்கள் அனைவரும் திரும்பிப் பார்த்தனர்.

"மெஷினை நிப்பாட்டிட்டுத் தூங்கினீங்களா அண்ணே?"

"இல்லம்மா. ஒவ்வொரு அடுக்கையும் தொட்டுப் பார்த்துத்தான் வெளிய விட்டேன்."

"அப்ப கப்பல்காரன் ஊதிப் பழுக்க வெச்சானா? இத்தனை பேர் வயித்துல அடிச்சிட்டீங்களே! கூலிக்கு வர்றவங்களை நம்பினா இப்படித்தான். நாளையிலேருந்து வராதீங்க."

தம்பி அக்காளின் பக்கத்திலேயே நின்றிருந்தான். பனிக்கரடி மேலங்கியைக் கழற்றி ஆணியில் மாட்டினார். மேலங்கியில்லாத அவர் பாதி ஆளாகத் தெரிந்தார். யாரையும் பாராமல் வாசலைக் கடந்து போய்விட்டார்.

அவ்வாரக் கடைசியில் வியாபாரியிடமிருந்து ஒரு படம் வந்தது. கொள்கலனின் நடுப்பகுதி வரை சரக்கை இறக்கியபின் எடுத்த படம் அது. அங்கே கூடத்துக்குச் சொந்தமல்லாத சில பெட்டிகள் இருந்தன. அவற்றுள் பழுத்துக் குழைந்து நீர் வழியும் பப்பாளிகள். 'இவை யாருடையவை?' என்று மட்டும் அவர் கேட்டிருந்தார்.

கூடத்துப் பெட்டிகளுக்கு இயந்திரம் நெகிழிப் பட்டை கட்டும். இவற்றைக் கையால், கயிற்றால் கட்டியிருந்தார்கள். அக்காள் படத்தை விரலால் பெரிதாக்கினாள். சுருக்கு இடப்புறம் விழுந்து, வால் உள்ளே மடிந்து நின்றது. பள்ளிக்குப் புறப்படும்போது காலணி நாடா கட்டத் தெரியாமல் அழுத இடக்கைக்காரத் தம்பிக்காக, அவளே யோசித்துச் சொல்லிக்கொடுத்த முடிச்சு அது. உலகத்தில் வேறு எவரும் அப்படிக் கட்டுவதை அவள் கண்டதில்லை.

அவனை அலுவல் அறைக்குள் அழைத்து, படத்தை முன்னே வைத்தாள்.

"நடுவுல கொஞ்சம் இடம் சும்மா கிடந்துச்சுக்கா" என்றான் அவன். "தெரிஞ்சவர் ஒருத்தர் அனுப்பணும்னு கெஞ்சினாரு. எல்லாரும் சாப்பிடப் போன நேரத்துல ஏத்தினேன். செங்காயாத்தான் இருந்துச்சு. இவ்வளவு ஆகும்னு நினைக்கலை."

"ஒரே ஒரு ஆப்பிளுக்கு அந்த மனுஷனை வெயில்ல நிக்க வெச்சியே. அப்ப நினைச்சியா?"

அவன் கைபேசியை மேசைமீது கவிழ்த்து வைத்தான்.

"நான் அவரைத் திட்டும்போது பக்கத்துலதானேடா நின்னே?"

"நான் கோளாறுன்னுதான் சொன்னேன். அவர்தான்னு முடிவு பண்ணினது நீதானேக்கா."

அச்சொல் அவளை அறைந்தாற்போல் இருந்தது; ஏனெனில் அது பொய்யன்று.

"வெளிய போகச் சொல்லிடாதேக்கா. நான் உன் தம்பி."

"அது தெரிஞ்சுதானேடா ஏத்தினே?"

அவள் வியாபாரியை அழைத்து உண்மையைச் சொன்னாள். பழம் அழுகியதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், தம்முடைய கொள்கலனில் தமக்குத் தெரியாமல் வேறு சரக்கை ஒளித்ததைப் பொறுப்பதற்கில்லை என்றார் அவர். தாம் நம்பியது அவளைத்தான், அவள் தம்பியை அன்று என்றும் சொல்லி, இணைப்பைத் துண்டித்தார். தனக்கு நேர்ந்த துரோகத்தைத் தானே, தன்னை நம்பி உழைத்த பனிக்கரடிக்குச் செய்திருப்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

அன்று மாலையே பனிக்கரடியின் வீட்டைத் தேடிச் சென்றாள். இரண்டே அறைகள் கொண்ட மாடி வீடு. அவர் நாற்காலியை இழுத்துப் போட்டார். மேசைமீது தட்டில் ஆப்பிள் துண்டுகள் இருந்தன.

"எடுத்துக்கங்கம்மா. இங்க யாரும் பையைத் திறந்து பாக்கறதில்லை" என்றார்.

அவள் நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டாள். மீண்டும் வேலைக்கு வருமாறு கைகூப்பினாள்.

"நீங்க திட்டினது போகட்டும்மா. கோவத்துல யாரும் திட்டுவாங்க. அன்னைக்கு உங்க முன்னாடி ரெண்டு பேர் நின்னோம். சரக்கைக் குளிர வெச்சவன் நான், ஏத்தினவர் தம்பி. என்னைக் கேட்டீங்க. அவரைக் கேக்கணும்னு உங்களுக்குத் தோணவே இல்லை பாருங்க, அதுதான் இன்னும் உள்ள குத்திக்கிட்டே இருக்கு."

"ஒரு தடவை வாங்கண்ணே. எல்லார் முன்னாடியும் சொல்றேன்."

"சொல்லுங்க, நல்லது. ஆனா நான் வரலை. குளிர் எனக்குப் பழகிடுச்சும்மா. அந்த வாசலைத் தாண்டறதுதான் இனிமே முடியாது."

மறுநாள் காலை கூடத்து வாசலில் மேசை வழக்கம்போல் கிடந்தது. அதன் பின்னே நின்றவள் அக்காள். தம்பி வரிசையின் கடைசியில், அதுவரை எவர் முன்னும் திறந்தறியாத தன் பையுடன் நின்றான். அவள் முதலில் தன் பையைத் திறந்து மேசைமீது கவிழ்த்தாள். பின்பு தம்பியை முன்னே அழைத்து அவன் பையையும் திறக்கச் சொன்னாள். நடந்தது முழுவதையும் ஒளிக்காமல் கூறினாள். பெரிய வியாபாரி போய்விட்டார் என்றும், சிறிய வியாபாரிகளைத் தேடிக் கூடத்தைத் திறந்து வைக்கப் பார்ப்பதாகவும், தம்பி இனிக் கழுவும் தொட்டியில்தான் வேலை செய்வான் என்றும் சொன்னாள்.

வரிசையில் நின்ற ஒரு பெண் வாய்விட்டே சொன்னாள்: "இந்தப் பையைத் திறந்த மாதிரி அந்தக் கண்டெய்னரையும் அன்னைக்கே திறந்து பாத்திருந்தா, கரடி அண்ணன் இப்ப இங்க நின்னிருப்பாருக்கா."

"ஆமாம்மா" என்றாள் அக்காள். உள்ளே ஆணியில் தொங்கிய மேலங்கி வாசலிலிருந்தே தெரிந்தது. "கூடப்பொறந்தவன்னு சோதிக்காம விட்டேன். கூலிக்கு வர்றவர்னு விசாரிக்காம பழி போட்டேன். சொந்தக்காரனா இருந்தா யோக்கியன், வேலைக்காரனா இருந்தா திருடன்னு மனசுக்குள்ள முன்னாடியே எழுதி வெச்சுக்கிட்டா, அப்புறம் கண்ணு எதையும் பாக்காது. இனிமே இந்த வாசல்ல எல்லாருக்கும் ஒரே விதி. முதல்ல திறக்கறது என் பை."