இடுப்பில் பிடித்த துரு

திருவனந்தபுரத்தில் சாலைக் கம்போளம் என்ற கடைத்தெருவில் நயினாரின் இரும்புக்கடைக்கு யாராவது துருப்பிடித்த சாமானைத் திருப்பிக் கொண்டுவந்தால், அவரிடம் ஒரு பதில் தயாராக இருக்கும். 1999ஆம் ஆண்டு, மாசி பிறந்த சமயத்தில், கடலோர வலியதுறையிலிருந்து ஒரு தாழ்ப்பாளோடு வந்த ஜெஸ்லினுக்கும் அதே பதில்தான்.

"கடப்புறத்துல வீட்டை வச்சுக்கிட்டு உப்புக்காத்து அடிச்சா, துருப்பிடிக்காம பின்னே என்ன செய்யும்?"

"வெளியில மாட்டல்ல அண்ணாச்சி. உள்ளறைக் கதவுல போட்டது."

"எல்லாரும் இப்படித்தான் சொல்லுவாவ."

தாழ்ப்பாளை அவர் கையில் வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. ஜெஸ்லின் முணுமுணுத்துக்கொண்டே போனாள். நயினார் மோசக்காரர் இல்லை, எடையில் கைவைக்க மாட்டார். ஆனால் சாமான் கெட்டால் குற்றம் வாங்கியவருடையதுதான் என்பதில் அவருக்குச் சந்தேகமே வந்ததில்லை. கடையில் பழகிய அந்தப் பேச்சை அவர் வீட்டுக்கும் கொண்டுபோனதுதான் கேடாகிவிட்டது.

அவர் மனைவி பொன்செல்வி மூன்று வருடங்களுக்கு முன் மழையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பை முறித்துக்கொண்டவள். ஒரு மருத்துவமனையில் உலோக மூட்டு வைத்தார்கள். "பத்துப் பன்னிரண்டு வருஷம் கவலை வேண்டாம், தரையில் மட்டும் உட்காரக் கூடாது" என்று சொல்லி அனுப்பினார்கள். அன்றிலிருந்து காய் நறுக்குவதும் சாப்பிடுவதும் நாற்காலியில்தான்.

அந்த மாசியில், பெண்கள் தெருவில் அடுப்பு மூட்டி அம்மனுக்குப் பொங்கலிடும் ஆற்றுக்கால் பொங்காலை வந்தது. கடைத்தெரு முழுக்கப் பெண்கள் செங்கல் அடுப்பு கூட்டினார்கள். பொன்செல்வியும் பக்கத்து வீட்டு சுசீலாபாயோடு போய்ப் பொங்கல் இட்டு வந்தாள். அடுத்த வாரமே தொடையிடுக்கில் வலி தொடங்கியது.

"தரையில குத்தவச்சிருப்ப" என்றார் நயினார்.

"இல்லங்க. ஸ்டூல்லதான் இருந்தேன். குனிஞ்சு அடுப்பு ஊதினதுகூட சுசீலாபாய் அக்காதான்."

"எல்லாரும் இப்படித்தான் சொல்லுவாவ."

மூட்டு வைத்த டாக்டரும் பொங்காலை என்ற வார்த்தை காதில் விழுந்ததும் சிரித்துவிட்டார். எக்ஸ்ரே படம் எடுக்கவில்லை. வலிமாத்திரை எழுதி, இனிமேலாவது சொன்னபடி நடக்கச் சொன்னார்.

பாவம், பொன்செல்விக்கு வேறு பயம். "எல்லாரும் மண்ணுல இருக்கப்ப, அம்மைக்கு முன்னால நான் மட்டும் உசரத்துல இருந்துட்டேனே அக்கா. அதுக்குத் தண்டனையோ?" என்று சுசீலாபாயிடம் அழுதாள். உட்கார்ந்ததால் வலி என்று புருஷன் சொன்னார். உட்காராததால் வலி என்று அவள் மனசு சொன்னது. எப்படிப் பார்த்தாலும் குற்றவாளி அவள்தான். உள்ளே இருந்த மூட்டை மட்டும் யாரும் சந்தேகப்படவில்லை.

கொஞ்ச நாளில் அவள் வலியைப் பற்றிப் பேசுவதையே விட்டுவிட்டாள். ஓணம் வந்தபோது சுவரைப் பிடிக்காமல் குளியலறைக்குப் போக முடியவில்லை. அன்று சுசீலாபாய் நேராகக் கடைக்கே வந்துவிட்டாள்.

"அண்ணாச்சி, அவ தரையில இருக்கல. நான் கண்ணால கண்டது. ஒரு பெண்ணு வேதனையில துடிக்கா, நீங்க இங்க ஆணி வித்துட்டு இருக்கீங்க. நாளைக்கே வேற டாக்டரைக் காணணும், கேட்டீங்களா?"

புதிய டாக்டர் அனந்தபத்மநாபன் படம் எடுத்துப் பார்த்தார். எலும்புக்குள் மூட்டு ஆடிக்கொண்டிருந்தது. பழையதை எடுத்துவிட்டு வேறு வைக்க வேண்டும் என்றார். அறுவை முடிந்ததும் நயினாரை அழைத்து, எடுத்த மூட்டைக் கழுவிப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் காட்டினார்.

நயினார் உறையை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். பளபளவென்றிருக்க வேண்டிய தண்டில் பொட்டுப் பொட்டாய்க் குழிகள். குழியைச் சுற்றிப் பழுப்புக் கறை. அந்தக் கறையை அவர் நாள்தோறும் பார்க்கிறவர்.

"சுத்தியுள்ள சதை கறுத்துப் போச்சு" என்றார் டாக்டர்.

"தரையில இருந்ததுனாலயா சார்?"

"தரையில இருந்தா மூட்டு விலகலாம். இப்படி அரிக்காது. இந்த உலோகம் தரமில்ல. மனுஷ உடம்புக்குள்ள எப்பவும் உப்புத் தண்ணிதானே? அதைத் தாங்கறதுக்குத்தான் இதை உண்டாக்குறது. டெஸ்ட்டுக்கு அனுப்பறேன். சும்மா தூர எறிஞ்சா, இதே சரக்கு இன்னொரு அம்மாவோட இடுப்புக்குப் போகும்."

உப்பு என்ற சொல் நயினாரைச் சுட்டது. அவர் மனைவியின் கட்டிலருகே போய் நின்றார்.

"உன் மேல குத்தமில்லட்டி."

பொன்செல்வி முகத்தைத் திருப்பாமலே சொன்னாள்: "அந்தக் கம்பியைப் பாத்த பொறவுதான் நம்புவீங்களோ? நான் சொன்னது போதாதா? வலிக்குன்னு ஒருத்தி சொன்னா மொதல்ல அவளை நம்பணும். குத்தம் கண்டுபிடிக்கதெல்லாம் அதுக்குப் பொறவு."

நயினார் அவள் காலை மெல்லப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

சில வாரங்கள் கழித்து ஜெஸ்லின் அவர் கடையைத் தாண்டி எதிர்க்கடைக்குப் போவதைப் பார்த்துக் கூப்பிட்டார்.

"தங்கச்சி, அந்தத் தாழ்ப்பாள் இருக்கா? கொண்டு வா, பாக்கணும்."

"அது குப்பைக்குப் போயாச்சு. என்ன அண்ணாச்சி, உப்புக்காத்து நின்னு போச்சோ?"

அவருக்குக் கோபம் வரவில்லை. விற்காமல் மிச்சமிருந்த அதே தாழ்ப்பாள்களைப் பெட்டியோடு இறக்கி, ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பார்த்தார். கடைக்குள்ளேயே கிடந்த அவற்றிலும் பழுப்புப் பொட்டுகள். வேறொரு நல்ல தாழ்ப்பாளை எடுத்து அவள் கையில் கொடுத்தார்.

"குறை சொல்லிட்டு வர்ற ஆளை விசாரிக்கதுக்கு முந்தி, சரக்கை விசாரிக்கணும் தங்கச்சி. அதை நான் படிக்க, என் பெண்டாட்டி இடுப்பை இன்னொரு தடவை அறுக்க வேண்டியதாப் போச்சு."