பீரோ முதலாளியின் வளரும் கார்கள்

பீரோ முதலாளி விற்ற கார்கள் வளர்கின்றன என்பது, தக்காளி விலை பாதியாக இறங்கிய அதே வாரத்தில்தான் வெளியே தெரிந்தது. ஊர் முழுக்கத் தக்காளியைப் பற்றியே பேசிக்கொண்டிருந்ததால் முதலில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. குழாய் ரிப்பேர்க்காரர் ஒருவர் காலையில் வேலைக்குக் கிளம்பும்போது, தன் இரண்டு சீட் காரில் மூன்றாவதாக ஒரு சீட் இருப்பதைப் பார்த்தார். யாரோ மறந்து வைத்துவிட்டுப் போய்விட்டார்கள் என்று நினைத்து அக்கம்பக்கத்தில் விசாரித்தார். யாரும் உரிமை கொண்டாடவில்லை. பிடித்து இழுத்துப் பார்த்தார், அசையவில்லை. சரி, இருந்துவிட்டுப் போகட்டும் என்று மச்சானைப் பின்னால் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். கொஞ்ச நாளில் மச்சானுக்குக் கல்யாணம் ஆனது. நாலாவது சீட்டும் வந்தது.

முதலாளி ஆரம்பத்தில் இரும்பு பீரோ செய்தவர். சனங்கள் சுவரிலேயே அலமாரி வைத்துக் கட்ட ஆரம்பித்ததும் அவர் தொழில் படுத்துவிட்டது. கொட்டகை நிறையத் தகடு மிச்சம். தூக்கிப் போட மனம் வராமல் அதற்கு நாலு சக்கரம் மாட்டினார். அதனால் அவருடைய காரைப் பீரோ சாவி போட்டுத்தான் திறக்க வேண்டும். கதவு சாத்தினால் தெருக்கோடி வரைக்கும் பீரோ சாத்தும் சத்தம் கேட்கும். இடது பக்கக் கதவின் உள்பக்கம் தலை வாரிக்கொள்ள ஒரு நிலைக்கண்ணாடி. மற்றதிலெல்லாம் கையை இறுக்கிப் பிடித்தார். மழை துடைக்க ஒரே ஒரு துடைப்பான். ஜன்னலை ஏற்றி இறக்க ஒரே ஒரு கைப்பிடி, அதைக் கழற்றி எந்தக் கதவில் வேண்டுமோ அதில் மாட்டிக்கொள்ள வேண்டியது. மோட்டார் சைக்கிள் வாங்கப் போனவர்கள் கொஞ்சம் கூடப் போட்டுக் காரோடு வீட்டுக்கு வந்தார்கள். வாங்கின மறுநாளிலிருந்து திட்ட ஆரம்பித்தார்கள். தகர டப்பா என்றார்கள், மேட்டில் ஏறச் சொன்னால் யோசிக்கிறது என்றார்கள், மழை வெளியே பெய்வதற்கு முன்னால் உள்ளே பெய்கிறது என்றார்கள். ஆனால் ஒருவரும் விற்கவில்லை.

கார்கள் வளர்கிற செய்தி பரவியதும் கம்பெனியும் கிடுகிடுவென்று வளர்ந்தது. கொட்டகை இருந்த இடத்தில் தொழிற்சாலை வந்தது, தொழிற்சாலைக்குப் பக்கத்தில் இன்னொன்று வந்தது, இரண்டுக்கும் நடுவில் இருந்த சலூன்கூடக் கம்பெனிக்காரர்களுக்கு மட்டும் என்று ஆகிவிட்டது. புதுசாகக் கல்யாணம் ஆனவர்கள் சின்னதாக வாங்கிக்கொண்டு போய்ப் பெரிதாக வளர்த்துக்கொள்ளலாம் என்று வரிசையில் நின்றார்கள். ஆனால் எல்லார் வண்டியும் வளரவில்லை. சிலருடையது மினிபஸ் அளவுக்கு நீண்டது, சிலருடையது வாங்கிய அன்று இருந்தபடியே கிடந்தது. ஏன் என்று முதலாளி பெரிய படிப்பு படித்தவர்களைக் கேட்டார். அவர்கள் யோசித்து, சொந்தக்காரர் மனம் குளிர்ந்தால் வண்டி வளரும் என்றார்கள். யாரைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள். உடனே ஒரு பெரிய கூடத்தில் வரிசையாகத் தொலைபேசிகள் வைத்து, கார் வாங்கியவர்களைக் கூப்பிட்டுப் பத்துக்கு எத்தனை மார்க் என்று கேட்க ஆட்களைப் போட்டார். பத்து கொடுத்தவர்களுக்கு சீட் உறை இலவசம்.

அந்தக் கூடத்தில் வேலை பார்த்தவள்தான் நன்றியம்மா. அவள் பெற்றோர் வைத்த பெயர் வேறு. என்ன வசவு விழுந்தாலும் கடைசியில் "நன்றிங்க" என்று சிரித்தபடி தொலைபேசியை வைப்பாள் என்பதால் அந்தப் பெயர். அவள் குரலில் ஒரு நாளும் சுருதி இறங்கியதில்லை. குழாய் ரிப்பேர்க்காரர் அவளிடம் அரை மணி நேரம் மூச்சு விடாமல் தன் வண்டியைக் கிழி கிழியென்று கிழித்தார். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "வேற வண்டி மாத்தித் தரோம் சார்" என்றாள். உடனே அவர், "யாரு வண்டியை யாரும்மா மாத்தறது? நான் திட்டுவேன், அது என் வண்டி. நீ யாரு நடுவுல?" என்று போனை வைத்துவிட்டார். நன்றியம்மா அவர் பெயருக்கு நேரே சைபர் போட்டாள்.

நன்றியம்மாவின் வீட்டு நிலவரம் இது. லிப்ட் ரிப்பேர்க்காரர் ஒருவருக்கு இரண்டாம் தாரமாக வாழ்க்கைப்பட்டிருந்தாள். அவருக்கு முதல் மனைவியின் மூலம் மூன்று பெண்கள். அந்த அம்மாள் காய்ச்சலில் போய்ச் சேர்ந்து சில வருடம் ஆகிவிட்டது. நன்றியம்மா வந்தபோது சீதனம் மாதிரி கூட வந்தது, கம்பெனி ஊழியர்களுக்குத் தவணையில் கொடுத்த ஒரு இரண்டு சீட் கார். அது வளரும், மூன்று பிள்ளைகளும் பின்னால் உட்காருவார்கள், ஐந்து பேரும் ஒரே வண்டியில் எங்கேயாவது போவோம் என்று அவள் உள்ளூர ஆசைப்பட்டாள். இந்த உலகத்தில் அவளுக்கு வேறு எந்த ஆசையும் அந்த அளவுக்கு இல்லை. வண்டி அசைந்து கொடுக்கவில்லை. எங்கே போனாலும் புருஷன் பெண்டாட்டி காரில், பிள்ளைகள் அத்தையோடு பஸ்ஸில். ஒரு முறை பஸ் ஏறப் போகும்போது மூத்தவள் திரும்பி, "உங்க கார்ல எங்களுக்குத்தான் இடமில்லையே" என்று சொல்லிவிட்டுப் போனாள். அதில் கோபம்கூட இல்லை. அதுதான் நன்றியம்மாவின் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது.

அவளும் செய்யாத உபசாரம் இல்லை. கம்பெனி விதிப்படி ஊழியர்கள் தங்கள் வண்டியைப் பற்றி வாய் தவறிக்கூடக் குறை சொல்லக் கூடாது. சொன்னால் வேலை போகும். தினமும் காலையில் எல்லோரும் கம்பெனி வாசலில் நின்று தங்கள் வண்டியின் முன்பக்கத்தைத் தொட்டு "நல்ல வண்டி" என்று சொல்லிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். நன்றியம்மா ஒரு முறைக்கு மூன்று முறை சொன்னாள். வீட்டிலும் அதே குரல்தான். மூத்தவள் ஈரத் துண்டை மெத்தையில் போட்டால் "பரவாயில்லம்மா" என்று எடுத்துக் காயப் போடுவாள். நடுப்பெண் பாலை ஜன்னல் வழியாக ஊற்றிவிட்டுக் காலி தம்ளரை நீட்டினால் "சமத்து, நன்றி" என்பாள். கடைக்குட்டி சுவரெல்லாம் கிறுக்கினால் "அழகா இருக்கு" என்பாள். பிள்ளைகள் அவளைப் பார்த்து முழித்தார்கள். ஓட்டலில் சாப்பாடு பரிமாறுகிறவர்களிடம் எப்படி இருப்பார்களோ அப்படி மரியாதையாக இருந்தார்கள்.

இதற்குள் கம்பெனியில் ஒரு கூத்து நடந்தது. சைபர் போட்டவர்களால்தான் கெட்ட பெயர் என்று, அவர்கள் வண்டியையெல்லாம் திரும்ப வாங்கிப் புதுசு கொடுத்துவிடச் சொன்னார் முதலாளி. லாரியோடு போன ஆட்கள் வெறுங்கையோடு வந்தார்கள். குழாய் ரிப்பேர்க்காரர் வண்டிக்கு முன்னால் குறுக்கே படுத்துவிட்டார். பல் டாக்டர் ஒருவர் தன் காரை வீட்டுக் கூடத்துக்குள் ஓட்டிக் கொண்டுபோய்ப் போர்வை போர்த்தி, சோபா என்று சாதித்தார். ஒரு தையல்காரியின் காரை லாரியில் ஏற்றவே முடியவில்லை. அது லாரியை விட நீளமாக இருந்தது, உள்ளே அவள் தையல் மெஷினோடு கடையே நடத்திக்கொண்டிருந்தாள். சைபர் போட்டவர்களின் வண்டிகளெல்லாம் ஓங்கி வளர்ந்திருந்ததையும், பத்து போட்டவர்களின் வண்டிகள் புது உறை போட்டுக் குள்ளமாகவே நின்றதையும் ஊரே பார்த்தது. ஆனால் முதலாளியிடம் போய் யார் சொல்வது? மாதச் சம்பளம் வாங்குகிறவர்கள் இப்படிப்பட்ட விஷயங்களைக் கண்டும் காணாமல் இருப்பதுதான் வழக்கம். நன்றியம்மாவும் லாரிக்காரர்கள் சொன்னதைக் கேட்டுக்கொண்டு, தன் காரிடம் இன்னும் கொஞ்சம் பணிவாகப் பேச ஆரம்பித்தாள்.

மூத்தவளின் பள்ளி ஓட்டப்பந்தயம் ஊருக்கு அந்தக் கோடியில் நடந்த நாளில் பஸ்கள் ஓடவில்லை. அப்பா ஏதோ ஒரு கட்டடத்தில் இரண்டு மாடிக்கு நடுவே நின்றுபோன லிப்டுக்குள் இருந்த மனிதர்களை வெளியே எடுக்கப் போயிருந்தார். வேறு வழியில்லை. இருந்த ஒரு சீட்டில் மூத்தவள், அவள் மடியில் குட்டி, கியருக்குப் பக்கத்தில் ஒடுங்கியபடி நடுப்பெண் என்று அடைத்துக்கொண்டு நன்றியம்மா கிளம்பினாள். பாதி மேம்பாலம் ஏறும்போது மழை பிடித்தது. துடைப்பான் பாதியில் நின்றது. அடுத்து வண்டியே நின்றது. முன்னாலும் பின்னாலும் அதே கம்பெனிக் கார்கள், ஹார்ன் சத்தம் காதைக் கிழித்தது. கூரையிலிருந்து தண்ணீர் சரியாக மூத்தவளின் ஓட்டப்பந்தயச் சட்டையில் சொட்டியது. நன்றியம்மா சாவியைத் திருகி, "தயவுசெய்து கிளம்பிடு, நல்ல வண்டியில்ல?" என்றாள்.

மூத்தவளுக்குப் பொறுக்கவில்லை. "ஒரு தடவையாவது திட்டுங்களேன்!" என்று கத்தினாள். "இதையும் திட்ட மாட்டீங்க, எங்களையும் திட்ட மாட்டீங்க. எங்கம்மா தினமும் திட்டுவாங்க. நீங்க வீட்டுக்கு வந்தவங்ககிட்டப் பேசற மாதிரியே பேசறீங்க. நாங்க யாரு உங்களுக்கு?"

நன்றியம்மா கதவைத் திறந்து மழையில் இறங்கினாள். வண்டியின் முன்பக்கத்தில் ஓங்கி ஒரு அறை விட்டாள்.

"ஏய், தகர டப்பா! உனக்கு வெட்கமா இல்ல? தினம் உன்னத் தொட்டு நல்ல வண்டி நல்ல வண்டின்னு சொல்றேனே, ஒரு நாளாவது நல்லா நடந்துக்கிட்டியா? ஊர்ல இருக்கற வண்டியெல்லாம் வளர்ந்து நிக்குது, நீ பெட்ரோலைக் குடிச்சிட்டு மரம் மாதிரி நிக்கற. என் மூணு பொண்ணுங்களை எங்க உட்கார வைப்பேன்? உன் தலையிலயா?" அத்தோடு நிற்கவில்லை. ஜன்னலுக்குள் தலையை விட்டாள். "நீ என்னடி, மெத்தை மேல ஈரத் துண்டு! அது ஊறிப் போய் நாறுது. நீ, ஜன்னல் வழியா பாலை ஊத்தறது எனக்குத் தெரியாதுன்னு நினைச்சியா? கீழ் வீட்டுப் பூனை குதிரை மாதிரி கொழுத்து நிக்குது. நீ சுவர்ல வரைஞ்சது ஒண்ணும் அழகா இல்ல, அது நாயா, நாற்காலியா?" குட்டி பயந்துபோய், "நாற்காலி" என்றாள்.

அப்போது பின்னாலிருந்து குடையோடு ஒருவர் வந்தார். சாட்சாத் பீரோ முதலாளி. அவரும் அதே நெரிசலில்தான் மாட்டியிருந்தார். "கம்பெனி வண்டியைத் திட்டற கம்பெனி ஆளா? நாளைலேர்ந்து வராதே!" என்றார். "நன்றிங்க" என்றாள் அவள், பழக்கதோஷத்தில். உடனே நாக்கைக் கடித்துக்கொண்டு அவரையும் பிடித்துக்கொண்டாள்: ஒரு கைப்பிடியை எல்லாக் கதவுக்கும் எப்படி மாட்டுவது, உங்கள் வீட்டில் எல்லோரும் ஒரே செருப்பையா போடுகிறீர்கள் என்று. அவள் பேசப் பேச, பெரிய பீரோவின் அடித்தட்டை இழுத்தாற்போல் கரகரவென்று சத்தம் கேட்டது. வண்டி பின்பக்கமாக நீண்டது. நீல மெத்தை போட்ட சீட் ஒன்று எழுந்து நின்றது, அதற்குப் பின்னால் இன்னொன்று. இடிபட்டு ஒதுங்கிய முதலாளியின் குடை காற்றில் போய்விட்டது.

முதலாளி மழையில் நனைந்தபடி அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தன் வண்டிக்குப் போனார். கம்பெனி செய்த முதல் கார் அது, அவர் கையாலேயே அடித்தது, ஒரு அங்குலம்கூட வளராதது. தினமும் அதற்குப் பத்து மார்க் போட்டவர். கொஞ்ச நேரம் தயங்கிவிட்டு, மெல்லிய குரலில், "உன்னால என் முதுகே போச்சுடா" என்றார். கார் லேசாகச் சிலிர்த்தது. அவ்வளவுதான், அணை உடைந்தது. அவர் வாயிலிருந்து வந்ததையெல்லாம் இங்கே எழுத முடியாது. அதைக் கேட்டு அடுத்த கார்க்காரர் இறங்கினார், அவரைக் கேட்டு அடுத்தவர். மேம்பாலம் முழுக்க ஆணும் பெண்ணும் மழையில் நின்று மனம் விட்டுத் திட்டினார்கள், சிரித்தார்கள், சிலர் அழுதார்கள், கார்கள் ரயில்போல நீண்டு ஒன்றையொன்று முட்டிக்கொண்டன. கடைசியில் பாலமே போதாமல் இரண்டு பக்கமும் கொஞ்சம் நீண்டு கொடுக்க வேண்டியதாயிற்று. நகராட்சி அதற்குத் தனியாக வரி போடவில்லை.

நெரிசல் கலைந்து அவர்கள் போய்ச் சேர்ந்தபோது பந்தயம் முடிந்து மைதானத்தில் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். மூத்தவள் திரும்பி வந்து பின்சீட்டில் ஏறினாள். வண்டி கிளம்பியதும் ஆரம்பித்தாள். "எல்லாம் உன்னாலதான் சித்தி. சீக்கிரம் கிளம்புன்னு எத்தனை தடவை சொன்னேன்? உனக்கு ஓட்டவே தெரியல. ஹார்ன் அடிக்கக்கூட யோசிக்கற. போன வருஷம் நான்தான் ஃபர்ஸ்ட், தெரியுமா உனக்கு? ஒண்ணும் தெரியாது உனக்கு!" வீடு வரும் வரைக்கும் விடவில்லை. நடுவில் மற்ற இருவரும் சேர்ந்துகொண்டார்கள். நன்றியம்மா ஒன்றுக்கு இரண்டாகப் பதில் கொடுத்தபடி ஓட்டினாள், சந்தோஷம் தாங்காமல் இரண்டு தெரு தப்பித் திரும்பினாள், அதற்கும் வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

மறுநாள் காலை அவளுடைய சுரிதார் பேன்ட் கணுக்காலுக்கு மேலே நின்றது. சலவையில் சுருங்கியிருக்கும் என்று நினைத்தாள். ஆனால் மேல்தட்டு டப்பாவும் எட்டியது, புருஷன் முகத்தைப் பார்க்க அண்ணாந்து பார்க்க வேண்டியிருக்கவில்லை. லிப்ட் ரிப்பேர்க்காரர் அவளை மேலும் கீழுமாகப் பார்த்துவிட்டு, தையல்காரியிடம் மடிப்பைப் பிரித்து விடச் சொல் என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனார். அன்று மத்தியானம் கம்பெனியிலிருந்து ஆள் அனுப்பி அவளைத் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டார்கள். மார்க் கேட்பதை நிறுத்திவிட்டு, திட்டுவதை மட்டும் கேட்டுக்கொள்ளும் வேலை. வருடங்கள் போயின. மூன்று பெண்களும் பாத்திரத்துக்கும் பாடத்துக்கும் வீடு திரும்பும் நேரத்துக்கும் அவளோடு சண்டை போட்டே வளர்ந்தார்கள், அவளும் வளர்ந்தாள். மூத்தவள் வேலை கிடைத்து வேறு ஊர் போன பிறகு முதல் முறையாகக் கூப்பிட்டு, நீ ஏன் இத்தனை நாளாக ஒரு போன்கூடப் பண்ணவில்லை, உனக்கு என் ஞாபகமே இல்லையா என்று வெகு நேரம் திட்டித் தீர்த்தாள். அந்த வாரம் தச்சர் வந்து வாசல் நிலையை உயர்த்தி வைத்துவிட்டுப் போனார்.