கண்ணாடிக்குள் என் இடுப்பு மணி

பெயர் சொல்லாமல்தான் என் இடுப்புப் பாசிமணிச் சரத்தைக் கொடுத்திருந்தேன். மூன்றாவது பிள்ளைக்குப் பிறகு அது என் இடுப்பைச் சுற்றி எட்டவில்லை. எங்கள் ஊரான ஒடுமாசேயில் பெண்களே சேர்ந்து திறந்த மணி அருங்காட்சியகத்தில், இப்போது அது கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தது. துணிக்குள்ளே கட்டுவது, கட்டிய புருஷனைத் தவிர யாரும் பார்க்கக் கூடாத பொருள். அந்தப் புருஷன் நார்ட்டேயும் கூடவே வந்து தொலைத்திருந்தான். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

"என்ன மாக்கு, இப்படி நெளியிற?" என்றாள், சுற்றிக் காட்டிக்கொண்டிருந்த கோர்லே.

"வாய மூடிட்டு உன் வேலையப் பாருடி."

நார்ட்டே சரத்தைப் பார்த்தான். கொட்டாவி விட்டான். அடுத்த அறைக்குப் போய்விட்டான். இத்தனை வருஷம் கை பட்ட மணி, அவனுக்கு அடையாளம் தெரியவில்லை! அதற்கும் எனக்குக் கோபம் வந்தது.

"இதெல்லாம் சத்தம் கேட்டாத்தான் அழகு" என்று கோர்லே, வந்திருந்த பெண்களுக்காகச் சரத்தை வெளியே எடுத்துக் குலுக்கினாள். வீட்டில் நான் பொறுமையில்லாமல் குறுக்கும் நெடுக்கும் நடந்தபோதெல்லாம் எழுந்த அதே சத்தம்.

அடுத்த அறையிலிருந்து நார்ட்டே கத்தினான்: "அதான் வர்றேன்ல மாக்கு! எதுக்கு இந்தக் குதி குதிக்கிற?"

அத்தனை பெண்களும் என் இடுப்பைப் பார்த்தார்கள்.